ஸ்பொன்சர் கோப்பு பாதுகாப்புச் சோதனையில் நிற்குது: மண்டாமஸ் போடலாமா, பொறுக்கலாமா?

இணுவில்காரன்:

வணக்கம். நான் கனடாவில் பி.ஆர். (நிரந்தர வதிவாளர்), இருக்கிறது ஒன்ராறியோவில மார்க்கம் நகரத்தில. மனைவி யாழ்ப்பாணத்தில. வெளிநாட்டுப் பிரிவில் ஸ்பொன்சர் போட்டு இரண்டு வருசம் தாண்டிவிட்டுது. ஸ்பொன்சர் பண்ண என்ர தகுதி ஓகே ஆகிட்டுது. அவவின்ர பயோமெட்ரிக்ஸ், மெடிக்கல், பொலிஸ் ரிப்போர்ட் எல்லாம் கேட்ட நேரத்துக்குள்ள குடுத்தாச்சு. பின்னணிச் சோதனை மட்டும் அசையேல்லை. மெடிக்கலும் காலாவதி.

அவ இப்ப கலியாண வீடு, கோயில் திருவிழா ஒண்டுக்கும் போறேல்லை. போனால் "எப்ப பயணம்?" எண்ட கேள்விதான். நித்திரையும் குறைஞ்சு போச்சு.

மண்டாமஸ் (முடிவைச் சொல்லச் சொல்லிப் போடுற வழக்கு) எண்டு கோர்ட்டுக்குப் போனால் அந்தக் கோபத்தில ரிஜெக்ட் பண்ணுவினமோ? எவ்வளவு காலம், எவ்வளவு காசு? மற்றது, வேலையை விட்டிட்டு ஊருக்குப் போய் அவவோடயே இருப்பமா எண்டும் யோசினை. விசயம் தெரிஞ்சவை சொல்லுங்கோ. "எங்கட ஆளுக்கு ஆறு மாசத்தில வந்தது" எண்ட பதில் வேண்டாம், அது நிறையக் கேட்டாச்சு.

முனைக்காத்து:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போக வேண்டாம். ஸ்பொன்சர் பண்ணுகிறவர் பி.ஆர். என்றால், விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து மனைவிக்கு பி.ஆர். கிடைக்கும் வரை கனடாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஸ்பொன்சர் பண்ணும் சலுகை குடியுரிமை உள்ளவருக்குத்தான், அவரும் மனைவி வரும்போது திரும்பி வந்து குடியிருப்பார் என்று காட்ட வேண்டும். லீவு போட்டு நாலைந்து கிழமை நின்று வருவதில் பிரச்சினை இல்லை. வேலையை விட்டு, வாடகை வீட்டையும் குடுத்துவிட்டுப் போனால், இவ்வளவு நாள் காத்திருந்த கோப்பே அதில் விழலாம்.

கோர்ட் பற்றி யோசிக்க முதல் ஜி.சி.எம்.எஸ். குறிப்பை, அதாவது குடிவரவுத் திணைக்களத்தின் கணினியில் உங்கள் கோப்பைப் பற்றி அதிகாரிகள் எழுதி வைத்ததை எடுங்கள். விண்ணப்ப நிலையைப் பார்க்கும் இணையப் போர்ட்டலில் தெரிவது அந்தக் கோப்பின் மேல்தோல் மட்டும். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் நீங்கள் கேட்டால் 5 டொலர். மனைவியின் தகவலும் வருவதால் அவ கையெழுத்து வைத்த ஐ.எம்.எம். 5744 சம்மதப் படிவம் இணைக்க வேண்டும். தனியுரிமைச் சட்டத்தின் கீழ் என்றால் கட்டணம் இல்லை. 2022 ஜூலையிலிருந்து கனடாவுக்கு வெளியே இருக்கிற வெளிநாட்டவரும் அதன்படி கேட்கலாம், ஆகவே அவவே ஊரிலிருந்து போடலாம். சட்டப்படி 30 நாள். பல தடவை நீட்டிப்பார்கள்.

வந்ததும் மூன்று வரியைத் தேடுங்கள்: மனைவியின் தகுதி (உங்கள் ஸ்பொன்சர் தகுதி வேறு), குற்றப் பின்னணி, பாதுகாப்பு. முதல் இரண்டும் முடிந்து பாதுகாப்பு மட்டும் நிற்கிறதென்றால், எந்தத் திகதியில் அந்தச் சோதனைக்காகக் கனடா எல்லைச் சேவைக்கு (சி.பி.எஸ்.ஏ.) அனுப்பினார்கள் என்று பாருங்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் எந்தப் பதிவும் இல்லையென்றால் அந்த வெறுமைதான் உங்களுக்கு ஆதாரம். தகுதியே இன்னும் பார்க்கப்படவில்லை என்றால் கதை வேறு. அது பாதுகாப்புப் பிரச்சினை இல்லை, கோப்பை ஒருவரும் கையில் எடுக்கவில்லை. எல்லைச் சேவையிடமும் தனியாகக் கேட்கலாம், ஆனால் பாதி கறுப்பு மையாகத்தான் வரும்.

எங்கள் ஆட்களின் கோப்புகள் இந்த இடத்தில் தடக்குப்படுவதற்குக் காரணம், பாதுகாப்புக் காரணத்தால் அனுமதி மறுக்கும் குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. புலிகள் அமைப்பு 2006இல் கனடாவின் பயங்கரவாதப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வன்னியில் இருந்த காலம், 2009க்குப் பிந்திய முகாம், தடுப்பு, புனர்வாழ்வு என்று ஏதும் இருந்தால் கேள்வி வரும். ஐ.எம்.எம். 5669 பின்னணி விபரப் படிவத்தில் வேலை, முகவரி வரலாற்றில் ஒரு மாத இடைவெளி விட்டாலும் வரும். ஸ்பொன்சர் முந்தி அகதிக் கோரிக்கை வைத்து வந்தவரென்றால், அதில் சொன்ன குடும்ப விபரத்தோடும் அதிகாரிகள் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடும். பிழை கண்டால் நீங்களாகவே திருத்தி அனுப்புவது நல்லது. மறைத்தது என்று முடிவானால் 40ஆம் பிரிவின்படி 5 வருடத் தடை.

சட்டப்புத்தகப்பூச்சி:

மேலே சொன்னதோடு உடன்பாடு. மண்டாமஸ் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கோர்ட் "விசா குடு" என்று சொல்லாது, "முடிவைச் சொல்" என்றுதான் சொல்லும். இதை விளங்கிக்கொள்ளாமல் காசைக் கட்டுகிறவர்கள் அதிகம். கோபத்தில் மறுப்பார்கள் என்ற பயம் தேவையில்லை. மறுப்புக்கும் காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணமும் கோர்ட்டில் நிற்க வேண்டும். உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. குறிப்பில் உங்கள் திருமணத்தைப் பற்றிய சந்தேகம் பதிவாகியிருந்தால், மண்டாமஸ் அந்த மறுப்பை விரைவாகக் கொண்டுவந்து தரும். எழுத்து (பதிவுத் திருமணம்) ஒரு திகதி, தாலி கட்டு இன்னொரு திகதி, இடையில் ஒரு வருடம், படங்களில் இரு வீட்டாரும் இல்லை: இப்படியானவற்றுக்கு விளக்கத்தையும் ஆதாரத்தையும் முதலில் கோப்பில் சேர்த்துவிட்டுத்தான் வழக்கு.

கோர்ட் பார்க்கிற அளவுகோல் 1994இன் அப்போடெக்ஸ் தீர்ப்பிலிருந்து வருவது. எவ்வளவு தாமதம் நியாயமற்றது என்பதற்கு 1999இன் கோனில் தீர்ப்பு. அதில் மூன்று கேள்வி. இந்த வகை விண்ணப்பத்துக்கு வேண்டியதைவிடக் காலம் கூடிவிட்டதா? தாமதத்துக்கு விண்ணப்பதாரரோ அவருடைய சட்டத்தரணியோ காரணமா? அரசிடம் திருப்தியான விளக்கம் உண்டா? வெளிநாட்டிலிருக்கும் துணைவருக்கான சேவை நியமம் 12 மாதம், அதுவும் 80 வீதமான கோப்புகளுக்கு. ஆகவே 13ஆம் மாதம் ஓடிப்போய் வழக்குப் போட்டால் எடுபடாது. இரண்டு வருடம், குறிப்பில் அசைவில்லை, கேட்டதெல்லாம் குடுத்தாச்சு என்றால் பேச இடமிருக்கிறது. "பாதுகாப்புச் சோதனை நடக்கிறது" என்ற ஒற்றை வரியை மட்டும் விளக்கமாக ஏற்காத தீர்ப்புகள் பல உண்டு.

பெரும்பாலான வழக்குகள் வழுக்குவது இரண்டாவது கேள்வியில். கடவுச்சீட்டு மாறியதைச் சொல்லவில்லை, குழந்தை பிறந்ததை அறிவிக்கவில்லை, கேட்ட ஆவணத்தைக் கடைசி நாளுக்குப் பிறகு அனுப்பினார்கள், இப்படி. காலாவதியான மெடிக்கலைத் திரும்பச் செய்யச் சொல்லிக் கடிதம் வரும் வரை கையை வைக்க வேண்டாம். அது 12 மாதம்தான் செல்லும் என்பதும், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காலாவதியானது என்பதும் உங்கள் பக்கத்துக்குப் பலம்.

நடைமுறை: முதலில் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம், வழக்கமாக 30 நாள் தவணை. பதில் இல்லையென்றால் பெடரல் கோர்ட்டில் அனுமதி கேட்டு மனு. கோர்ட் கட்டணம் 50 டொலர். பிறகு சத்தியக் கடதாசி, குறிப்புகள், கடிதங்கள் எல்லாம் சேர்த்த ஆவணத் தொகுப்பு. அரசின் நீதித் திணைக்களச் சட்டத்தரணி கையில் கோப்பு போனதும், விசாரணைக்கு முதலே முடிவு வந்து வழக்கு முடிகிறது பல இடங்களில் நடக்கும். அனுமதி கிடைத்தால் 30 முதல் 90 நாளுக்குள் விசாரணை. சட்டத்தரணி செலவு சில ஆயிரம் டொலர். கடிதத்துக்கு எவ்வளவு, மனுவுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுத்தில் வாங்குங்கள். வென்றாலும் விசேட காரணம் இல்லாமல் செலவுத்தொகை கிடைக்காது.

குடிவரவு ஆலோசகர் பெடரல் கோர்ட்டில் உங்களுக்காக நிற்க முடியாது. "நாங்களே போட்டுத் தாறம்" என்றால், மனுவில் கையெழுத்து வைக்கும் சட்டத்தரணி யார் என்று கேளுங்கள். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவையில் 30 நிமிடம் வரை இலவசமாக ஒரு சட்டத்தரணியோடு பேசலாம்.

மறுப்பு வந்தால்: வெளிநாட்டுப் பிரிவு என்பதால் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். உள்நாட்டுப் பிரிவில் போட்டவர்களுக்கு அந்த வாசல் இல்லை. ஆனால் 34ஆம் பிரிவில் மறுத்தால் உங்களுக்கும் அது அடைபடும், பெடரல் கோர்ட் மட்டும்தான்.

செவ்வந்தி:

எல்லாரும் கோப்பைப் பற்றியே கதைக்கிறீங்கள். நித்திரை இல்லை, வெளியில போறேல்லை எண்டு தம்பி எழுதினதையும் பாருங்கோ.

அவ வைத்தியரிட்டப் போகத் தயங்குறதுக்கு ஒரு காரணம் இருக்கலாம். "மன அழுத்தம் எண்டு பதிஞ்சால் மெடிக்கலில விழுத்திப்போடுவினம்" எண்டு ஊரில ஒரு கதை உலாவுது. அது சரியில்லை. மருத்துவச் செலவு கூடும் எண்டு மறுக்கிற விதியிலயிருந்து கணவன், மனைவி, அவையின்ர பிள்ளையள் விலக்கு, 38ஆம் பிரிவிலயே இருக்கு. பொதுமக்களுக்கு ஆபத்து எண்ட விதி தனி; நித்திரையின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து எடுக்கிறவையை அதுக்குள்ள கொண்டுபோறேல்லை. மெடிக்கலில கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும்.

யாழ் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பழையிலயும் மனநலப் பிரிவு இருக்கு. கதைக்க மட்டும் வேணுமெண்டால் இலங்கையில 1926. உங்களுக்கு ஒன்ராறியோவில 211 அடிச்சால் பக்கத்தில இருக்கிற ஆலோசனைச் சேவையளைச் சொல்லுவினம், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. உயிரை மாய்க்கிற யோசினை வந்தால் கனடாவில 988, எந்த நேரமும்.

வழக்குக்கும் இது உதவும், ஆனால் "மனைவி மிகவும் வேதனைப்படுகிறாள்" எண்ட ஒரு வரியால பிரயோசனமில்லை. எந்தத் திகதியிலயிருந்து பாக்கிறார், என்ன அறிகுறி, என்ன சிகிச்சை எண்டு வைத்தியர் எழுதின கடிதம் வேணும். "விசா வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" எண்டு வைத்தியரைக் கொண்டு எழுதுவிக்காதேங்கோ, அது கடிதத்தின்ர பெறுமதியைக் கெடுக்கும்.

மற்றது, கோடையில ஒன்பதரை மணித்தியாலம், குளிருக்குள்ள பத்தரை வித்தியாசம். இரண்டு பேரில ஒராள் எப்பவும் நித்திரைத் தூக்கத்திலதான் கதைக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தையும் போர்ட்டல் கதை விழுங்கவிடாதேங்கோ. கிழமையில ஒரு நாள் மட்டும் அதைப் பாக்கிறது, அண்டைக்கு மட்டும் அதைக் கதைக்கிறது எண்டு இரண்டு பேரும் பேசி வையுங்கோ. சொந்தக்காரருக்கும் ஒரே பதில்: "கடிதம் வந்தால் நாங்களே சொல்லுவம்." அதை மனைவி சொல்லவேண்டி வராமல் மாமியார் சொன்னால் இன்னும் நல்லம்.

இணுவில்காரன்:

எல்லாருக்கும் நன்றி. குறிப்புக்கு இண்டைக்கே போடுறன். வேலையை விடேல்லை. இன்னும் இரண்டு: எம்.பி. அலுவலகத்தால பிரயோசனம் இருக்கா? அவவுக்கு விசிற்றர் விசா போட்டுப் பாக்கலாமோ?

சட்டப்புத்தகப்பூச்சி:

எம்.பி.யால் கோப்பை நகர்த்த முடியாது, நிலையைக் கேட்டுச் சொல்வார். ஆனாலும் கேளுங்கள். உங்கள் தொகுதி அலுவலகத்தில் சம்மதப் படிவம் தருவார்கள், பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வெப்ஃபோம் (குடிவரவுத் திணைக்களத்திடம் இணையத்தில் கேட்கும் படிவம்) பதில்களும் அப்படியே. நீங்கள் கேட்டதும் அவர்கள் சொன்னதும் திகதியோடு இருந்தால், கோரிக்கைக் கடிதத்தில் பாதி வேலை முடிந்தது. நாளுக்கொரு வெப்ஃபோம் அனுப்ப வேண்டாம், ஆறு கிழமைக்கு ஒன்று காணும்.

விசிற்றர் விசா போடலாம். நிரந்தரமாக வர விண்ணப்பித்திருப்பதே தற்காலிகமாக வரத் தடையில்லை என்று 22ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. படிவத்தில் ஸ்பொன்சர் கோப்பை மறைக்காமல் எழுத வேண்டும். ஆனால் பி.ஆர். கோப்பு பாதுகாப்பில் நிற்கும்போது இதுவும் அதே சோதனைக்குள் போய் நிற்கலாம் என்பதை அவவுக்கு முதலே சொல்லிவிட்டுப் போடுங்கள்.