க்யூ கையில் மாட்டிக்கொண்ட கதை

வார்த்தை விளையாட்டைப் பற்றி இங்கே எல்லோரும் ஜெயித்த கதையாகவே எழுதுகிறீர்கள். நான் தோற்ற கதையைச் சொல்கிறேன், அதுவும் ஒன்பதாவது படிக்கும் பையனிடம்.

எனக்குக் கிருஷ்ணகிரி. போன மே மாத லீவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் கரண்ட் இல்லை. கூடத்து மூலையில் வைக்கோலுக்குள் மாங்காய் பழுக்கப் போட்டிருந்தார்கள், அந்த வாசனையில் தூக்கமும் வரவில்லை, அப்போதுதான் அக்கா மகன் ஸ்க்ராபிள் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பையிலிருந்து எழுத்து வில்லைகளை எடுத்துப் பலகையில் இங்கிலீஷ் வார்த்தையாகக் கோக்கும் ஆட்டம், ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி உண்டு. எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும், ஆபீஸில் கடிதமெல்லாம் நான்தான் எழுதுவேன், அதனால் பாவம் குழந்தை என்றுதான் உட்கார்ந்தேன்.

நாலாவது சுற்றில் அவன் ஆர்-ஏ-ஜி-ஐ என்று வைத்தான். ராகி! காலையில் அந்த வீட்டில் நான் சாப்பிட்டதே ராகிக் களிதான். "டேய், இது இங்கிலீஷா?" என்று சண்டைக்குப் போனேன். போனில் அகராதியைத் திறந்து காட்டினான், இருக்கிறது. தப்பாகச் சந்தேகப்பட்டவருக்கு ஒரு முறை போச்சு என்பது அவர்கள் வீட்டு விதி. இத்தனைக்கும் அது வெறும் 5 புள்ளி வார்த்தை, பேசாமல் விட்டிருக்கலாம்.

கடைசியில் பை காலி. என் கையில் இரண்டே எழுத்து, க்யூவும் ஐயும். ஆட்டத்தில் இருக்கும் யூ மொத்தம் நாலு, நாலும் ஏற்கெனவே பலகையில் ஏறிவிட்டன, பக்கத்தில் எதையும் ஒட்ட வழியில்லை. யூ இல்லாமல் க்யூவை என்ன செய்வது? 'பாஸ்' என்றேன். அவன் மிச்சமிருந்த எழுத்தை வைத்து முடித்துவிட்டான். கையில் தங்கிய எழுத்துக்கு உள்ள புள்ளி நமக்குக் குறையும், முடித்தவருக்குக் கூடும். க்யூ 10, ஐ 1. அதாவது 8 புள்ளி பின்னால் இருந்தவள் 30 புள்ளியில் தோற்றேன்.

"க்யூ-ஐ வச்சிருக்கலாமே சித்தி" என்றான், எல்லாம் முடிந்த பிறகு. சீனாவில் உயிர்மூச்சு, சக்தி என்ற பொருளில் சொல்வார்களாம், 'சீ' என்று உச்சரிக்க வேண்டுமாம். எனக்கும் வாயில் அதுதான் வந்தது.

நான் தினமும் தர்மபுரிக்குப் பஸ்ஸில் போய் வருபவள். அடுத்த நாளே வழியில் போனை எடுத்து, யூ இல்லாத க்யூ வார்த்தைகளைத் தேடினேன். எழுத்தைக் கொடுத்தால் வார்த்தையைக் கொட்டும் தளங்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் பட்டியலாக வருவது பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மறந்துவிடுகிறது. மனதில் நின்றவை எவை தெரியுமா? தலாக், புர்கா, நிகாப், ஃபகீர். பேப்பரில் வருஷக்கணக்காகப் பார்த்த சொற்கள், எல்லாவற்றிலும் க்யூ உண்டு, பக்கத்தில் யூ கிடையாது. அரபு மொழியில் தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒரு 'க' ஒலிக்கு இங்கிலீஷ்காரர் க்யூ போட்டு எழுதியதால் வந்த வினை. (ஈராக்கும் கத்தாரும் செல்லாது, ஊர்ப் பெயருக்கு இடமில்லை.)

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். முதல் எழுத்து வரிசையில் இல்லை, அதற்குத்தான் அகராதி இருக்கிறதே. கடைசி எழுத்து வரிசையில். ஜே-யில் முடியும் பக்கத்தைப் பாருங்கள்: ராஜ், தாஜ், ஹஜ், ஸ்வராஜ். அசல் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூட ஜே-யில் முடிந்ததாக எனக்கு நினைவில்லை, 'ஜ்' என்று கேட்டால் ஜி-ஈ போட்டுவிடுவார்கள். ஐ-யில் முடியும் பக்கம் நம்ம சமையலறையேதான், இட்லி, ரொட்டி, சப்பாத்தி, ராகி, நடுவில் ஒரு வேட்டி, தோத்தி என்ற வேஷத்தில். கையில் மூன்று ஐ சேர்ந்துபோய் முழிக்கும்போது இட்லி மாதிரி கைகொடுப்பது வேறில்லை, ஒரே வார்த்தையில் இரண்டு ஐ போய்விடும்.

எஸ் மட்டும் எப்போதும் கைக்கு வராது. 100 வில்லையில் 4தான் எஸ், ஈ 12. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஆல்ஃப்ரெட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930களில் வேலையில்லாமல் இருந்தபோது, நியூயார்க் டைம்ஸ் பேப்பரில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் கணக்குப் போட்டாராம். எஸ்ஸை வேண்டுமென்றே குறைத்தார், இல்லாவிட்டால் எல்லோரும் வார்த்தை வாலில் ஒரு எஸ் ஒட்டியே பிழைத்துவிடுவோம்.

தீபாவளிக்கு மறுபடி ஆடினோம். ஃபகீர் வைத்தேன், சும்மா 17 புள்ளி. பையன் போனை எடுக்கவே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

—

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்.

அம்மா, நீங்கள் சொல்லும் க்யூ-யூ சங்கதி எங்கள் வகுப்பில் ஆய்த எழுத்துக்கு நடக்கும். ஆய்தம் வரும் சொல் சொல்லுங்கடா என்றால் எஃகு, அஃது, இஃது, அதோடு வகுப்பே ஊமை. அஃறிணையைத் தினம் படிப்பார்கள், ஞாபகம் வராது. நான் சொல்லைத் தேடாதே, அண்டை அயலைப் பார் என்பேன். முன்னால் ஒரு குறில், பின்னால் ஒரு வல்லினம், நடுவில்தான் ஆய்தம் உட்காரும். முதலிலும் வராது, கடைசியிலும் வராது. இப்படிச் சொன்ன ஒரு நாள் பின் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்ததைக் காட்டி, "ஐயா, ஃபேன்?" என்றான்.

—

ஐயா, அக்கா மகனிடம் படித்துக் காட்டினேன். "அங்க க்யூவுக்கு யூவைக் கழட்டி விட்டது வெளியூர் வார்த்தை, இங்க ஆய்தத்தை முன்னாடி உட்கார வச்சதும் வெளியூர் வார்த்தை" என்கிறான். அந்தப் பின் பெஞ்சுப் பையனுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?