பழைய கணினியில் டயல்-அப்: இன்றும் உறுத்தும் ஓர் அனுபவத்தை எழுதுங்கள்

கீழவீதி எழுதியது:

பென்டியம் 133, 16 எம்.பி. ரேம், அதன்மேல் விண்டோஸ் 98, தொலைபேசிக் கம்பி வழியே டயல் செய்து இணையத்தைப் பிடிக்க உள்ளே செருகிய மலிவான 56கே (நொடிக்கு 56,000 பிட்) மோடம். இதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை, பட்டவர்களுக்குத் தெரியும். பிளஸ் டூ முடிவுகள் இணையத்தில் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. எதிர்வீட்டுப் பெண் பதிவெண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் அம்மா, அவருக்கும் பின்னால் தெருவில் பாதிப் பேர்.

திரையின் மூலையில் இரண்டு குட்டிக் கணினிகள் மினுக்கிக்கொண்டிருந்தன. சுட்டியை அவற்றின் மேல் வைத்தால் வேகம் நொடிக்கு 115,200 பிட் என்று காட்டியது. பக்கத்தின் தலைப்பு வந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்தான். நெட்ஸ்கேப் 4 உலாவி ஓர் அட்டவணை முழுவதும் வந்து சேரும்வரை அதில் ஒரு வரியைக்கூடக் காட்டாது. அடியில் பைட் கணக்கு ஏறுகிறது, ஹார்டு டிஸ்க் கரகரவென்று அரைக்கிறது, சுட்டியோ அசைய மறுக்கிறது. “அண்ணா, வந்துருச்சா?” என்று அவள் மறுபடியும் கேட்ட நொடியில் இணைப்பு அறுந்தது. கடைசியில் அவளுடைய மாமா பேருந்து நிலையத்தில் மாலைப் பத்திரிகை வாங்கி வந்துதான் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். 115,200 என்று மார்தட்டிய இயந்திரம் ஒரே ஓர் அட்டவணையைக் கொண்டுவர முடியாமல் போனது எப்படி என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

ஈயப்பற்று எழுதியது:

115,200 என்பது கணினிக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள போர்ட்டின் வேகம். தொலைபேசிக் கம்பியில் ஓடிய வேகம் அன்று. ராக்வெல் சிப் கொண்ட மோடங்களில் தொடக்கக் கட்டளையோடு டபிள்யூ2 என்று சேர்த்துவிட்டால் கம்பியின் உண்மையான வேகத்தைச் சொல்லும். ‘மலிவான’ மோடம் என்கிறீர்கள். அப்படியானால் அது பெரும்பாலும் மென்பொருள் மோடமாகத்தான் இருந்திருக்கும். ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் வேலையை அது தானே செய்யாமல் செயலியின் தலையில் கட்டிவிடும். பெரிய அட்டவணை ஒன்றை அடுக்கிக்கொண்டும், ரேம் போதாமல் ஹார்டு டிஸ்க்கில் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டும் செயலி திணறும்போது மோடத்துக்கு உரிய நேரம் கிடைக்காமல் போனால், மறுமுனை இணைப்பைக் கைவிட்டுவிடும்.

என்னுடையது பென்டியத்துக்கும் முந்தைய 486, வெளியே வைக்கும் 33.6 மோடம், முகப்பில் வரிசையாக விளக்குகள். மோடத்தை இணைக்கும் சீரியல் போர்ட்டில் இருந்ததோ ஒரு நேரத்தில் ஒரே ஒரு பைட்டைத் தாங்கக்கூடிய 16450 சிப். பெட்டியில் ஹார்டு டிஸ்க்கின் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், தரவு வருவதைக் காட்டும் மோடத்தின் ஆர்டி விளக்கு அணைந்து, சற்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மறுபடி மினுக்கும். தொலைந்த ஒரு பைட்டுக்காக அது இருந்த தரவுப் பொட்டலம் முழுவதையும் கணினி மீண்டும் கேட்டு வாங்குகிறது என்பது எனக்குப் புரிந்தது அந்த இரண்டு விளக்குகளையும் பார்த்துத்தான். சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அலைந்து, 16 பைட்டுகளைத் தாங்கும் 16550 சிப் உள்ள கார்டு ஒன்றை வாங்கிச் செருகிய அன்றே அந்தத் தயக்கம் நின்றுபோயிற்று. எனவே கம்பியைத் திட்டுவதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஆற்றங்கரை எழுதியது:

ஈயப்பற்று அவர்களே, ரிச்சி தெருவுக்கு எட்டும் தூரத்தில் இருந்தவருக்குப் பெட்டிதான் கண்ணில் படும். நான் எங்கள் கிராமத்து வீட்டில் புதுக் கணினியே வாங்கி வைத்துப் பார்த்தவன். பழையது எந்த வேகத்தில் இணைந்ததோ அதே வேகத்தில்தான் புதியதும் இணைந்தது. 56கே வேகம் கிடைக்க வேண்டுமானால் சேவை நிறுவனத்திலிருந்து நம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சு வரைக்கும் டிஜிட்டலாக வந்து, நம் வீட்டுக் கம்பிக்காக மட்டும் ஒரே ஒரு முறை அனலாக்காக மாற வேண்டும். வழியில் இன்னொரு இடத்தில் மாறினாலும் 33.6-க்கு மேல் ஏறாது. எங்களுக்கு அதுகூட வெயில் காலத்தில்தான்.

ஐப்பசி மழையில் ஒருநாள், பல முறை முறையிட்ட பிறகு, லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறினார். சோதிக்கும் ரிசீவரைக் கம்பியில் மாட்டிக் காதில் வைத்த அதே நேரத்தில் உள்ளே என் மோடம் டயல் செய்துகொண்டிருந்தது. “சார், உள்ள யாரோ காக்காயக் கழுத்த நெரிக்கிறாங்க!” என்று மேலிருந்தே கத்தினார். பிறகு அவர் ஓர் இணைப்பைப் பிரித்து என்னிடம் காட்டினார். செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. அதன்மேல் யாரோ எப்போதோ சுற்றிவிட்டுப் போன பால் கவர். பிளேடால் சுரண்டி, முறுக்கி, புதிதாக டேப் சுற்றினார். அதுவரை 14,400-ல் தள்ளாடிக்கொண்டிருந்த இணைப்பு அன்று மாலை 28,800-ல் நின்றது. கம்பியைத் திட்டாமல் வேறு எதைத் திட்டச் சொல்கிறீர்கள்?

பட்டறிவு எழுதியது:

மூவருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். என் அனுபவம் சிறியது: மாணவர்களுக்கான ஷெல் கணக்கு, அதாவது எழுத்துக் கட்டளைகளால் மட்டும் இயக்கும் இணையக் கணக்கு வைத்திருந்தேன். அதில் எழுத்து மட்டுமே காட்டும் லிங்க்ஸ் உலாவிதான். படம் இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘இமேஜ்’ என்ற சொல் மட்டும் வரும், பக்கமோ பொத்தானைத் தட்டிய கையோடு வந்து நிற்கும். அன்று முதல் படமே எதிரி என்று முடிவு செய்தேன்.

எனவே யாராவது இன்னும் பழைய பெட்டியை வைத்திருந்தால், முதலில் ஒரே பிளாப்பியில் அடங்கும் ஓபரா 3 உலாவியைப் போட்டு, ஜி பொத்தானைத் தட்டிப் படங்களை அணையுங்கள். அஞ்சலை உலாவியில் படிக்காதீர்கள். பாப்3 என்ற அஞ்சல் இறக்கும் முறையில் மொத்தமாக இறக்கி, லைனை வைத்துவிட்டு, பதிலை நிதானமாக எழுதி, மறுபடி டயல் செய்து அனுப்புங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு பல்ஸ் என்று தொலைபேசிக் கட்டணம் ஓடிய காலத்தில் யோசித்து யோசித்துக் கடிதம் எழுதுவது வீண் செலவாக இருந்தது. விளம்பரம் அனுப்பும் முகவரிகளை ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1-க்கு, அதாவது நம் கணினிக்கே, திருப்பிவிட்டால் அவை கம்பிக்குள்ளேயே வாரா. பெரிய கோப்புகளை விட்ட இடத்திலிருந்து தொடரும் இறக்கி மென்பொருள் கொண்டு மட்டுமே இறக்குங்கள். 90 விழுக்காட்டில் அறுந்த கோப்பை முதலிலிருந்து இறக்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மோடத்தின் வி.42பிஸ் சுருக்கம் வெறும் எழுத்தை நான்கு மடங்குவரை சுருக்கும் என்றாலும், ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜிப் கோப்பிலும் ஜேபெக் படத்திலும் அதற்கு வேலையே இல்லை. ஆகவே அவற்றில் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இரைச்சல் மிகுந்த லைனில் எம்.டி.யு.வை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை, 576 பைட்டாகக் குறைக்கலாம். நல்ல லைனில் 1500 இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரேமை 32 எம்.பி. ஆக்குங்கள், ஹார்டு டிஸ்க் அரைப்பது பாதியாகும்.

கீழவீதி எழுதியது:

பட்டறிவு ஐயா, அந்தப் பெட்டி காயலான் கடைக்குப் போய் வெகு காலம் ஆயிற்று. அதற்கு இப்போது யார் ரேம் போடுவது? ஆனால் ஈயப்பற்று சொன்ன மென்பொருள் மோடம் விளக்கம் பொருந்துகிறது. சுட்டி உறைந்ததும் லைன் அறுந்ததும் எப்போதும் சேர்ந்தே நடக்கும்.

திண்ணை எழுதியது:

படத்தை அணைத்தால் போதும் என்பவர் தமிழ்ப் பத்திரிகைத் தளங்களை அந்தக் காலத்தில் திறந்ததில்லை போலும். ஒவ்வொரு தளத்துக்கும் தனக்கென்று ஓர் எழுத்துரு. பல தளங்களில் அது பக்கத்தோடு தானாகவே இறங்கும். படங்கள் இல்லாவிட்டாலும் எழுத்துரு இறங்கியே தீர வேண்டும். அதுவரை திரையில் ஆங்கில எழுத்துகளும் தலையில் புள்ளி வைத்த விநோதக் குறிகளும்தான் நிற்கும். தலையங்கம் படிக்க நாற்காலி போட்டு உட்கார்ந்த அப்பா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இது எந்த நாட்டு பாஷைடா?” என்றார். எழுத்துரு வருவதற்குள் லைன் போனால் தலையங்கம் அந்த நாட்டு பாஷையிலேயே நின்றுவிடும்.

எங்களுக்குக் கைகொடுத்தது தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் ஏற்றும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்துக்கான எழுத்துருவை ஒரே முறை கணினியில் நிறுவிக்கொண்டோம். அதன் பிறகு ஏதேனும் ஓர் இலக்கியத்தின் எழுத்துக் கோப்பை இறக்கி, லைனை வைத்துவிட்டு, நோட்பேடில் திறந்துகொடுத்தால் அப்பா சாப்பாட்டு நேரம்வரை எழுந்திருக்க மாட்டார். உங்கள் ஜி பொத்தானுக்கு இதில் வேலை எங்கே இருக்கிறது, பட்டறிவு ஐயா?