லான் சேனி: நடிகரா, மேக்கப் பெட்டியா?

மேட்னி மாமா: 'ஆயிரம் முகங்கள் கொண்ட மனிதன்'னு அந்தப் பேசாத பட நடிகர் லான் சேனியை இன்னும் எத்தனை நாள் தலையில தூக்கி வச்சு ஆடுவீங்க? நேத்து 1925-ல வந்த 'ஃபேன்டம் ஆஃப் தி ஆப்ரா' பார்த்தேன். முகமூடியைப் பிடுங்குற சீனை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? 1929 பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துல அவர் எழுதினதும் மேக்கப் பத்தித்தான்!

டூரிங் டாக்கீஸ்: மேக்கப் தெரிஞ்சவனுக்கு நடிப்பு வராதா மாமா? அவரோட அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே காது கேட்காது. அம்மா படுக்கையில விழுந்ததும் ஸ்கூலை விட்டுட்டு, வெளியில நடந்ததையெல்லாம் கையாலயும் முகத்தாலயும் நடிச்சுக் காட்டின பையன் அவர். பேசாத படத்துக்கு அதைவிடப் பெரிய பயிற்சி எது?

மேட்னி மாமா: கண்ணீர்க் கதை வேற, நடிப்பு வேற. 'தி பெனால்டி'யில (1920) காலை மடக்கிப் பின்னால கட்டிக்கிட்டு முட்டியிலயே நடந்தார். வலி தாங்குறது சர்க்கஸ் வித்தை. 'தி அன்நோன்'ல (1927) கையை மறைச்சுக் கட்டிக்கிட்டு கையில்லாதவன்னு ஏமாத்துற ஆளா வர்றாரே, காலால செய்யற வேலை பல ஷாட்ல அவர் காலே இல்ல. நிஜமாவே கையில்லாத இன்னொருத்தரோடது.

பால்கனி டிக்கெட்: அதே படத்துக்கே வர்றேன். ஆம்பளைங்க கை பட்டாலே நடுங்குற பொண்ணுக்காக (ஜோன் கிராஃபோர்ட்) ரெண்டு கையையும் வெட்டி எடுத்துட்டு வர்றார். அவளோ பயம் போயிடுச்சுன்னு இன்னொருத்தன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. இவர் சிரிக்கிறார். சிரிப்பு நிக்கல. அப்படியே முகம் கோணி, ஊளை மாதிரி ஆகுது. அங்க மத்த படங்கள்ல மேக்கப்புக்கு வச்ச கூனும் இல்ல, மூக்குல கம்பியும் இல்ல. 'டெல் இட் டு தி மரீன்ஸ்'ல (1926) மேக்கப் இல்லாத சார்ஜென்ட்டா நடிச்சதுக்குக் அமெரிக்க மரீன் படையே கௌரவ உறுப்பினர் ஆக்கிச்சு.

மேட்னி மாமா: சரி, 'மிஸ்டர் வூ'வுல சீனக்காரரா வேஷம் கட்டினதுக்கு என்ன சொல்றீங்க? சீன வம்சாவளியில வந்த நடிகை அன்னா மே வாங் அதே படத்துல சின்ன வேஷத்துல நிக்கிறாங்க.

டூரிங் டாக்கீஸ்: அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா 1930-ல ஒரே ஒரு பேசும் படம் பண்ணார், 'தி அன்ஹோலி த்ரீ'. அஞ்சு குரல்! எல்லாம் தன்னோடதுதான்னு பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படம் வந்த கொஞ்ச வாரத்துலயே புற்றுநோயில போய்ச் சேர்ந்தார். வயசு 47.

மேட்னி மாமா: அந்தச் சிரிப்பு சீன் எத்தனாவது நிமிஷம்?

பால்கனி டிக்கெட்: கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி. ஓட்டிவிடாம முழுசா உட்கார்ந்து பாருங்க மாமா.