இங்கிலாந்து எக்ஸாம் ரெகுலேட்டர் ஆஃப்குவாலே சொதப்பினா யார்கிட்ட போய் கேக்கறது?

ரெடிங்_அம்மா:
பையன் இயர் 11, வர்ற சம்மர்ல ஜிசிஎஸ்இ (16 வயசுல எழுதற பொதுத்தேர்வு). மார்க்ல சந்தேகம்னா ஸ்கூல் மூலமா எக்ஸாம் போர்டுல ரிவ்யூ, அப்புறம் அப்பீல், அதுக்கும் மேல ஆஃப்குவால்னு ஸ்கூல்ல சொன்னாங்க, ஓகே. ஆனா 2020 மாதிரி ஆஃப்குவாலே சொதப்பினா? மினிஸ்டர கேட்டா அது இன்டிபென்டன்ட்ங்கறார், அப்ப அவங்கள யாருதான் கேக்கறது?

கணக்குப்புள்ள:
பார்லிமென்ட்தாங்க. ஆஃப்குவால் மினிஸ்டருக்குக் கீழ இல்ல, நேரா பார்லிமென்ட்டுக்கு பதில் சொல்லணும், நடைமுறைல எம்பிக்கள் இருக்கற எஜுகேஷன் செலக்ட் கமிட்டி. ஆனா அந்தக் கமிட்டியால கேள்வி கேக்கத்தான் முடியும். 2020ல கோவிட்னால எக்ஸாம் நடக்கல, ஆஃப்குவால் ஒரு கணக்கு மாடல் (அல்காரிதம்) வெச்சு கிரேடு போட்டுச்சு. கமிட்டி ஜூலைலயே ரிப்போர்ட் போட்டு அந்த மாடல வெளிய காட்டுங்கன்னு சொன்னாங்க, முழு விவரம் வந்தது ஆகஸ்ட் 13, ஏ லெவல் (நம்ம ப்ளஸ் டூ மாதிரி) ரிசல்ட் அன்னிக்கு! டீச்சர் போட்டதவிட கிட்டத்தட்ட 40 சதவீதம் கிரேடு இறங்கி, பசங்க ரோட்டுக்கு வந்து, 17ம் தேதியே அல்காரிதத்த தூக்கிட்டாங்க. ஆஃப்குவால் சேர்மன் ரோஜர் டெய்லர கமிட்டி கூப்பிட்டு உக்கார வெச்சது செப்டம்பர் 2. எல்லாம் முடிஞ்சப்புறம். ஆஃப்குவால் சீஃப் ரெகுலேட்டர் சாலி காலியர் அதுக்குள்ள ராஜினாமா, டெய்லர் டிசம்பர்ல, எஜுகேஷன் மினிஸ்டர் வில்லியம்சன் மட்டும் இன்னும் ஒரு வருஷம் ஜம்முனு இருந்தார் 🙂

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:
தங்கச்சி, இதில எனக்கு இண்டைக்கும் கோவம் வாறது வேற விசயம். புள்ளிவிபர நிபுணர்களின்ர சங்கமான ராயல் ஸ்டட்டிஸ்டிக்கல் சொசைட்டி 2020 ஏப்ரலிலயே நாங்கள் ரெண்டு பேரைத் தாறம், மாடலைப் பாப்பம் எண்டு கேட்டவை. வெளியில கதைக்கமாட்டம் எண்டு கையெழுத்து வையுங்கோ எண்டாப்போல அவை வரேல்லை. புள்ளிவிபரத்துக்கெண்டே இருக்கிற ஒழுங்குமுறை அலுவலகமும் பாத்ததுதான், ரிப்போர்ட் வந்தது 2021 மார்ச். செத்த வீட்டுக்கு வைத்தியர் வந்த மாதிரி.

கணக்குப்புள்ள:
கரெக்ட் அண்ணே. ஸ்காட்லாந்து இன்னும் மோசம், அங்க எக்ஸாம் நடத்தினதும் எஸ்க்யூஏங்கற அமைப்பு, குவாலிஃபிகேஷனுக்கு அங்கீகாரம் குடுத்ததும் அதே எஸ்க்யூஏ.

சட்டம்_பேசுறேன்:
கோர்ட்டையும் சொல்லிடறேன். 2012 ஜிசிஎஸ்இ இங்கிலீஷ்ல, ஜனவரில சி வாங்கின அதே மார்க்குக்கு ஜூன்ல டி வந்துச்சு, லண்டன் லூவிஷம் மாதிரி கவுன்சில்களும் ஸ்கூல்களும் சேர்ந்து ஆஃப்குவால் மேலயும் எக்ஸாம் போர்டு மேலயும் ஹைகோர்ட் போய் 2013 பிப்ரவரில தோத்துட்டாங்க. பசங்களுக்கு நடந்தது நியாயமில்லதான், ஆனா கோளாறு அந்த குவாலிஃபிகேஷன் அமைப்புலயே இருக்கு, ஆஃப்குவால் எடுத்த முடிவு சட்டப்படி தப்பில்லன்னுட்டாங்க. உங்க விஷயத்துக்கு வந்தா, ஆஃப்குவால் அப்பீல்ல முறைப்படி நடந்துச்சான்னு மட்டும்தான் பாப்பாங்க, பேப்பர திருப்பி திருத்த மாட்டாங்க. ஆஃப்குவால் மேலயே புகார்னா முதல்ல அவங்ககிட்டயே எழுதணும், அப்புறம் பார்லிமென்ட்டரி ஆம்புட்ஸ்மன் (அரசு அமைப்புகள் மேல வர்ற புகார விசாரிக்கறவர்).

ரெடிங்_அம்மா:
ஆம்புட்ஸ்மன்கிட்ட நாமளே நேரா போலாமா?

சட்டம்_பேசுறேன்:
இல்லைங்க, உங்க எம்பிதான் அனுப்பணும். ஆஃப்குவால்கிட்டேர்ந்து வர்ற கடைசி பதில் லெட்டர பத்திரமா வெச்சுக்கோங்க, எம்பி ஆபீஸ்ல முதல்ல அதத்தான் கேப்பாங்க.