டெல்டாவில் ட்வார்ஃப் படை: கரையில் நிற்பதா, மலைக்குத் திரும்புவதா?

வலங்கைமான்_டிஎம்:
வரும் சனிக்கிழமை எங்கள் டேபிளில் பெரிய போர். டைஸ் உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014 விதிகள். ஆட்டத்தை நடத்தும் டிஎம் நான். மேப்பை நம்ம டெல்டாவைப் பார்த்தே வரைந்திருக்கிறேன். மேற்கே மலை. அங்கிருந்து இறங்கி வந்த 400 ட்வார்ஃப்கள், அதாவது சுரங்கம் குடையும் குள்ள இனத்தவர். இரண்டு ஆற்றுக்கு நடுவே அவர்கள் காக்க வேண்டிய ஊர். எதிரி மனிதர் படை, 900 குதிரை. பாதிப் பேர் வில்லாளிகள், கையில் ஷார்ட்போ. உதவிப் படகுகள் வர ஏழு நாள் ஆகும். மாதம் ஐப்பசி. தளபதியாக ஆடுகிறவர், சுரங்கம் வெட்டி எதிரி முகாமுக்குள் போய் எழுவோம் என்கிறார். என்ன சொல்கிறீர்கள்?

கொள்ளிடக்கரையான்:
முதலில் சுரங்கத்தை மறக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் கடைமடைப் பக்கம் ஓர் ஆள் ஆழம் தோண்டினாலே தண்ணீர் கசிய ஆரம்பித்துவிடும். பாறையைக் குடைந்தால் அது தானாக நிற்கும். ஈரக் களிமண்ணுக்கு அடிக்கு அடி முட்டுக் கொடுக்க வேண்டும், அத்தனை மரத்துக்கு எங்கே போவது?

என்னைக் கேட்டால் அந்தப் படை சமவெளிக்கு வந்ததே தப்பு. ஊர் மக்களை அழைத்துக்கொண்டு மலைக்குத் திரும்பட்டும். ட்வார்ஃப் ஆட்டத்தின் ஒரு சுற்றில் 25 அடி நடப்பார், முழு ஓட்டம் ஓடினால் 50. கனத்த கவசம் போட்டாலும் அந்த வேகம் குறையாது, சரி. ஆனால் குதிரைக்கு 60 அடி. வில்லாளி 80 அடியில் நின்று எய்வான், ட்வார்ஃப் நெருங்கினால் விலகுவான், மறுபடி எய்வான். இதற்கு முடிவே கிடையாது.

நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. 1782 பிப்ரவரியில் கும்பகோணம் பக்கம் கொள்ளிடக் கரையில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் திப்பு சுல்தான் சூழ்ந்தார். அவர்கள் சதுர அணி கட்டி நின்றார்கள். நல்ல பயிற்சி பெற்ற சிப்பாய்கள்; குதிரைகள் பல முறை மோதியும் சதுரம் கலையவில்லை. ஆனால் பீரங்கி விடாமல் அடித்து ஆட்களைக் குறைத்தது. கடைசியில் திப்புவோடு இருந்த பிரெஞ்சுக் காலாட்படை வந்து முடித்து வைத்தது. வெட்டவெளியில் மாட்டிக்கொண்ட காலாட்படைக்கு வீரம் மட்டும் போதாது.

மதகுச்சாவி:
அண்ணே, பிப்ரவரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தை கடைசி, மாசி தொடக்கம். சம்பா அறுவடை ஆகி வயல் இறுகிக் கிடக்கும், குதிரை எங்கே வேண்டுமானாலும் ஓடும். இவர் கேட்பது ஐப்பசி. அப்போது வயல் முழுக்கச் சேறு. குதிரை போக வண்டித்தடமும் ஆற்றுக்கரையும்தான் மிச்சம்.

கொள்ளிடக்கரையான்:
தம்பி, விதிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சேறு ‘கடினத் தரை’, அதாவது நடக்கச் சிரமமான தரை. எல்லோருக்கும் வேகம் பாதி. குதிரைக்கு 30 அடி, ட்வார்ஃப்புக்கு பன்னிரண்டரை. ஐந்தடிக் கட்டம் போட்டு ஆடினால் 10தான். சேறு வந்தபிறகும் குதிரை மூன்று மடங்கு வேகம். உங்கள் ஐப்பசி யாருக்கு உதவுகிறது?

மதகுச்சாவி:
நடந்தால்தானே அந்தக் கணக்கு? ட்வார்ஃப் ஏன் வயலில் இறங்க வேண்டும்? ஆற்றுக்கரை மேல் உட்காரட்டும். ஊரைப் பிடிக்க வந்தவன்தான் நகர வேண்டும், காக்கிறவன் நிற்கலாம்.

ஷார்ட்போவுக்கு நல்ல தூரம் 80 அடி. ஹெவி கிராஸ்போவுக்கு 100. உயரம் குறைந்தாலும் ட்வார்ஃப் விதிப்படி நடுத்தர அளவு, ஆகவே அந்தக் கனத்த வில்லை எய்வதில் குறை எதுவும் இல்லை. கரைக்குப் பின்னால் மார்பளவு மறைந்து நின்றால் ஏசியில் (அடி படாமல் காக்கும் எண்) கூடுதலாக 2. ஆளைக் குறி வைக்கவே வேண்டாம், குதிரையை அடியுங்கள். போர்க்குதிரைக்கு ஏசி 11, உயிர்ப்புள்ளி 19. சேற்றில் குதிரையை இழந்தவன் அப்புறம் காலாள்தான். காலாளோடு மோத ட்வார்ஃப்பை விட்டால் வேறு யார்?

அப்புறம் மதகு. அந்த 400 பேரில் 50 பேர் மண் வேலையும் மர வேலையும் தெரிந்தவர்கள் என்று வையுங்கள். எதிரி மேட்டு வயலில் முகாம் போடுவான். இரவில் தலைமதகைத் தூக்கிவிட்டால் விடிவதற்குள் கூடாரத்தில் கணுக்கால் தண்ணீர்.

நாற்றங்கால்:
இந்த இடத்தில் நான் சண்டைக்கு வருவேன். ஐப்பசியில் சம்பா நட்டு எத்தனை நாள் ஆகியிருக்கும்? இளம்பயிர் சில நாள் மூழ்கினாலே அழுகிவிடும். ஊரைக் காக்க வந்த படை ஊரின் சோற்றை அழித்தால், ஏழாம் நாள் படகு வரும்போது அந்த மக்கள் யாரை எதிரி என்பார்கள்? டிஎம் இதை ஆட்டத்தில் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். ஊர்க்காரர்கள் கரையில் வந்து மறிக்கட்டும்.

மதகுச்சாவி:
கரையை உடைக்கச் சொல்லவில்லையே. மதகைத் திறந்தால் மூடலாம். தண்ணீர் வாய்க்கால் வழியாகப் போய் வடிகாலில் வடியும். உடைப்பு எடுத்தால்தான் ஆபத்து. உடைப்பை அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் கையைக் கோத்துக்கொண்டு இரண்டு வரிசையாகச் சவுக்குக் கட்டை ஊன்றுவார்கள். நடுவில் வைக்கோலும் கீற்றும் போட்டு மிதித்து, அதன் மேல் மணல் மூட்டையை அடுக்குவார்கள். முதல் மூட்டைகளை ஆறு இழுத்துக்கொண்டு போகும், விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலைக்குப் பிறந்தவர்கள் ட்வார்ஃப்கள். எதிரி ஊர்ப் பக்கத்துக் கரையை வெட்டிவிட்டால் அடைக்க யாரிடம் ஆள் இருக்கிறது? அதையும் யோசியுங்கள். அவர்களை மலைக்குத் திருப்பி அனுப்பினால் ஊர் முதல் இரவே போய்விடும்.

இருட்டுக்கண்:
எல்லோரும் பகலையே பேசுகிறீர்கள். ட்வார்ஃப்புக்கு இருட்டில் 60 அடி வரை கண் தெரியும், மனிதனுக்குத் தெரியாது. அமாவாசையை ஒட்டிய இரவில் 40 பேர் வாய்க்கால் வழியாக, கரை மறைவிலேயே நடந்து குதிரை கட்டியிருக்கும் இடத்துக்குப் போகட்டும். பார்க்க முடியாதவனை அடிக்க இவர்களுக்கு அனுகூலம், திருப்பி அடிக்க அவனுக்குப் பிரதிகூலம். கயிற்றை அறுத்துக் குதிரைகளை விரட்டிவிட்டால் போதும், கொல்லக்கூட வேண்டாம். ஒரு சிக்கல், கனத்த கவசம் போட்டவர் பதுங்கினால் டைஸ் காட்டிக்கொடுக்கும். போகிற 40 பேரும் தோல் கவசம்தான்.

கொள்ளிடக்கரையான்:
இருட்டுக்கண் சொன்னது நல்ல யோசனை, ஆனால் ஒரு முறைதான் பலிக்கும். மறுநாளே முகாம் முழுக்கப் பந்தம் எரியும். கரையில் நிற்பதைப் பற்றிச் சொல்கிறேன். கரை என்பது நீண்ட கோடு. 400 பேர் எத்தனை மைல் காப்பார்கள்? மூன்று மைல் தள்ளி ஒரு துறையில் குதிரை இறங்கி ஏறினால் உங்கள் வில்லாளிகள் முதுகைக் காட்டி நிற்பார்கள். மலைவாசலில் இருபது பேர் போதும்.

மதகுச்சாவி:
ஐப்பசி வெள்ளத்தில் எந்தத் துறையில் குதிரை இறங்கும் அண்ணே? இறங்கினாலும் சவாரிக்காரன் வில் நாண் நனையும். பாலங்களும் மதகுகளும்தான் வழி. அவற்றை எண்ணிவிடலாம், ஒவ்வொன்றுக்கும் 40 பேர் போடலாம்.

வலங்கைமான்_டிஎம்:
மேப்பில் நான்கு பாலம், இரண்டு தலைமதகு இருக்கின்றன. ஊர்க்காரர்கள் மறிப்பதையும் சேர்த்துக்கொள்கிறேன், அது நல்ல காட்சி.

நாற்றங்கால்:
அப்படியானால் தீவனத்தையும் சேருங்கள். ஒரு குதிரைக்கு ஒரு நாள் தீவனம் 10 பவுண்டு என்று பொருள் பட்டியலிலேயே இருக்கிறது. 900 குதிரைக்கு 9000 பவுண்டு, நாளுக்கு நான்கு டன் சொச்சம். தஞ்சைக் கோட்டையை 1758-இல் முற்றுகையிட்ட பிரெஞ்சுத் தளபதி லாலி, வெடிமருந்து குறைந்து, காரைக்கால் கடலில் ஆங்கிலக் கப்பல்கள் வந்த செய்தியும் கிடைத்துத்தான் திரும்பிப் போனார். உங்கள் எதிரியும் அப்படிப் போகலாம். குறுவை அறுத்த வைக்கோல் எல்லாம் ஊருக்கு வெளியே களத்துமேட்டில் போர் போராக நிற்கும். முதல் நாள் இரவே அதை வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தால் பயிரையும் தொட வேண்டாம், மதகையும் தூக்க வேண்டாம்.

கொள்ளிடக்கரையான்:
மழையில் நனைந்த வைக்கோலை ஊருக்குள் எங்கே அடுக்குவீர்கள்? ஊர் மாடுகளையும் கணக்கில் எடுங்கள். ஆனால் எதிரிக்கு மூன்றாம் நாளே தீவனம் தீரும் என்றால் ஏழு நாள் நிற்பதில் அர்த்தம் இருக்கிறது. டிஎம், வண்டி எத்தனை, மாடு எத்தனை என்று சொல்லுங்கள். ஒரு நடைக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று பார்த்துவிட்டு மலையா கரையா என்று பேசுவோம்.