விரலுக்குள் இருக்கும் ‘கப்பி’யால் விசை மிச்சமாகுமா?

இயன்முறை மாணவி:
விரலை மடக்கும் தசைநாண்கள் ஏ1 முதல் ஏ5 வரை ஐந்து கப்பிகளுக்குள் ஓடுவதாகப் பாடத்தில் வருகிறது. கப்பி என்றால் சுழல வேண்டும், பாரத்தைக் குறைக்க வேண்டும் அல்லவா? இங்கே எதுவும் சுழலவில்லையே. இன்னொன்று: ட்ரிக்கர் ஃபிங்கருக்கு (மடங்கிய விரல் சிக்கிக்கொண்டு, நீட்டும்போது ‘டக்’ என்று விடும் கோளாறு) ஏ1-ஐ வெட்டுகிறார்கள், ஏ2-வைத் தொடாதே என்கிறார்கள். ஏன்?

கைச்சிகிச்சை:
கிணற்றுச் சகடையே பாரத்தைக் குறைப்பதில்லை. 20 கிலோ வாளிக்கு 20 கிலோவுக்குக் குறையாமல் இழுத்தாக வேண்டும்; மாறுவது திசை மட்டும். விரலில் இருப்பவை சுழலாத வளையங்கள். தூண்டில் கோலில் நூல் ஓடும் வளையங்களை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாகப் பொருந்தும்.

ஏ1, ஏ3, ஏ5 மூட்டுகளின் மேல். ஏ2, ஏ4 நேராக எலும்பில் பிடித்திருக்கும். விரல் மடங்கும்போது தசைநாண் எலும்பை விட்டு எழும்பப் பார்க்கும். அதை அமுக்கி வைப்பதில் ஏ2-வுக்கும் ஏ4-க்கும்தான் பெரும் பங்கு. ஏ2 போனால் தசைநாண் உண்மையிலேயே வில்லின் நாண் போல விறைத்து நிற்கும். மூட்டிலிருந்து தள்ளி இழுப்பதால் திருப்புவிசை கூடத்தான் செய்யும். ஆனால் அதே கோணம் மடங்க நாண் அதிக தூரம் ஓட வேண்டும். தசை சுருங்கும் அளவு அதற்குப் போதாது. விரல்நுனி உள்ளங்கையைத் தொடாது.

ஏ1 இருப்பது விரலின் அடிமூட்டில். அது தடித்து, நாணிலும் முடிச்சு விழுந்தால், மடக்கும் தசைகளின் வலுவில் முடிச்சு உள்ளே போய்விடும். நீட்டும் தசைகளுக்கு அதைத் திரும்பக் கொண்டுவர அவ்வளவு வலு இல்லை. அதனால்தான் சிக்கி, ‘டக்’ என்று விடுகிறது. முதலில் ஸ்ப்லிண்ட் (விரலை அசையாமல் வைக்கும் கட்டு), பிறகு நாண் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி, பலிக்காவிட்டால் வெட்டு. மரத்துப்போகும் ஊசியிலேயே செய்வது நல்லது: மேசையிலேயே விரலை மடக்கி நீட்டச் சொல்லிச் சரிபார்க்கலாம். வெட்டு ஏ2-வுக்குள் நீண்டால் மேலே சொன்ன கோளாறு வரும். முடக்குவாதக்காரர்களுக்கு ஏ1-ஐயும் வெட்டத் தயங்க வேண்டும், விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்வது அதிகமாகும். கட்டைவிரலில் வெளிப்பக்க நரம்பு தோலுக்குச் சற்றுக் கீழே ஏ1-ஐக் குறுக்காகக் கடக்கிறது. கத்தி அங்கே ஆழமாக இறங்கவே கூடாது.

கண்தசை:
அசல் கப்பி வேண்டுமானால் கண்குழிக்குப் போங்கள். விழியை அசைக்கும் மேல் சாய்தசை குழியின் பின்னாலிருந்து முன்னே வந்து, மூக்குப் பக்க மேல்மூலையில் ட்ராக்ளியா என்ற குருத்தெலும்பு வளையத்தில் நுழைந்து, பின்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் திரும்பி விழியின் மேல் ஒட்டுகிறது. ஒட்டுமிடம் விழியின் பின்பாதி. முன்னிருந்து இழுக்கும்போது பின்பாதி மேலேறும், கருவிழி கீழிறங்கும். மேலே ஒட்டிய தசை கண்ணைக் கீழே இறக்குவது இந்த வளையத்தால்தான். இந்தத் தசையை இயக்கும் நான்காம் கபால நரம்பு ட்ராக்ளியர் என்று பெயர் பெற்றதும் இதனால்தான்.

நாண் வளையத்தில் வழுக்காமல் போனால் பிரவுன் சிண்ட்ரோம்: மூக்குப் பக்கம் திரும்பிய கண் மேலே ஏறாது. நரம்பு செயலிழந்தால் வேறு மாதிரி. படியிறங்கும்போதும் படிக்கும்போதும் உருவம் இரண்டாகத் தெரியும், தலையை எதிர்த்தோளுக்குச் சாய்ப்பார்கள்.

இயன்முறை மாணவி:
அப்படியானால் முழங்கால் சில்லு?

கைச்சிகிச்சை:
அது கப்பி இல்லை. நாணோடு சேர்ந்து தானும் நகர்கிறது. நாணை மூட்டின் மையத்திலிருந்து முன்னே தள்ளி வைப்பதால், நீங்கள் தேடிய விசை மிச்சம் அங்கேதான் கிடைக்கிறது. சில்லை எடுத்துவிட்டால் அதே காலை நீட்டத் தொடைத்தசை இன்னும் பலமாக இழுக்க வேண்டும்.