சிட்டி விடெக் பிளாக்கில் கிரவுட் ஊற்றினால் 300 குதிரை தாங்குமாம்!

அல்சூர்_ஆயில்பேன்:
நம்ம டர்போதம்பி நேற்று எழுதியதைப் படித்ததில் காபி ஆறிப்போச்சு. "பழைய ஹோண்டா சிட்டி விடெக் 1.5 இன்ஜின் பிளாக்கில் வாட்டர் ஜாக்கெட்டின் (சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் சந்து) பாதிவரை கிரவுட் (சிமெண்ட் கலவை) ஊற்றினால் போதும், ஸ்லீவ் (சிலிண்டருக்குள் இறக்கும் இரும்புக் குழாய்) போடுவது தண்டச்செலவு, டர்போ போட்ட 300 குதிரைசக்தியைக் கண்ணை மூடிக்கொண்டு தாங்கும்" என்கிறார். கம்பெனி கொடுத்தது 106 குதிரை. அதுவும் ஓபன் டெக் அலுமினிய பிளாக், சாமி! நாலு சிலிண்டரும் மேலே பிடிமானம் இல்லாமல் குளத்தில் நட்ட மூங்கில் மாதிரி நிற்கிறது. ஆடுவது மேலே. அடியில் காரை பூசி என்ன பிரயோஜனம்?

டர்போதம்பி:
அண்ணே, மூங்கில் உதாரணத்தையே எடுத்துக்கலாம். ஒரு முனை பிடித்த கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். கிரவுட் செய்வது அதுதான். முறையாகச் செய்யணும், அவ்வளவே. ஜாக்கெட்டில் துரு, பாசி எதுவும் இல்லாமல் கழுவி, பிளாக்கை மட்டம் பார்த்து வைத்து, மெயின் கேப்களை (கிராங்கைப் பிடிக்கும் மூடிகள்) முழு டார்க்கில் இறுக்கி, மேலே டார்க் பிளேட் (ஹெட் இறுக்கியது போலவே பிளாக்கை அழுத்தும் கனத்த தகடு) போட்டு ஊற்றணும். தட்டித் தட்டிக் காற்றுக்குமிழியை வெளியேற்றணும். நன்றாக இறுகின பிறகுதான் போரிங் (சிலிண்டர் துளையைக் கடைவது), ஹோனிங் (அதைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது). முதலில் ஹோன் பண்ணிட்டு அப்புறம் ஊற்றினால் போர் வட்டம் கெடும். இதைச் செய்யத் தெரியாதவர்கள்தான் கிரவுட்டைத் திட்டுவது.

பீன்யா_போரிங்:
தம்பி பாடப்புத்தகத்தோடு வந்திருக்கார். அந்த எட்டில் ஒரு பங்கு கணக்கு நீளமான ஒல்லிக் கம்பிக்கு. 75 மி.மீ. விட்டமுள்ள குட்டைக் குழாய்க்கு அப்படியே பொருந்தாது. இங்கே வளைவு மட்டுமா? வட்டம் முட்டையாகவும் நசுங்கும். அழுத்தம் உச்சத்துக்குப் போவது பிஸ்டன் மேல்முனை தாண்டிக் கொஞ்சம் இறங்கும்போது. அந்த இடத்துக்கு உங்கள் கிரவுட் வரவே வராது.

இன்னொன்று. கிரவுட் ஊற்றும் டிராக் ரேஸ்காரர்கள் பெரும்பாலும் ஊற்றுவது வார்ப்பிரும்பு பிளாக்கில். ஃபோர்டு 302 மாதிரி, 500 குதிரை தாண்டினால் லிஃப்டர் பள்ளத்தாக்கு (இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுப்பகுதி) வழியே இரண்டாகப் பிளக்கும் பிளாக்குகள் இருக்கு. அந்தப் பிளவைக்கூட கிரவுட் தடுக்காது. நம்மூரில் வீடு கட்டும் ஏஏசி கல்லை எப்படி ஊத வைக்கிறார்கள் தெரியுமா? சிமெண்ட், சுண்ணாம்புக் கலவையில் அலுமினியப் பொடி போட்டால் ஹைட்ரஜன் கிளம்பி மாவு மாதிரி உப்பும். உங்கள் பிளாக்கே அலுமினியம். ஈரக் கிரவுட் சுவரை அரிக்கும், ஒட்டும் இடத்தில் குமிழி விடும்.

சரி, மேல் விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே நிறுத்துகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

டர்போதம்பி:
பாதி என்றால் பாதி. பம்ப் தண்ணீர் நுழையும் ஓட்டைக்குக் கீழே. சிமெண்ட் பயமா இருந்தால் எபாக்ஸி ஃபில்லர் இருக்கு.

பீன்யா_போரிங்:
எபாக்ஸி சூட்டில் இளகும். விடுங்கள், சிமெண்டுக்கே வருவோம். அலுமினியம் விரிவது கிரவுட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 70 டிகிரி ஏறினால், சுமார் 330 மி.மீ. நீள ஜாக்கெட்டில் வித்தியாசம் கால் மி.மீ. பக்கம் வரும். குளிரில் கெட்டியாகப் பிடித்த கிரவுட், ஓட்டும்போது விலகி நிற்கும். எந்த நேரத்தில் பிடி வேண்டுமோ அந்த நேரத்தில் கைவிடும் நண்பன்.

டர்போதம்பி:
முழு நீளத்தையும் ஒரே பாளமாக எடுத்துப் பயமுறுத்தாதீங்க. சிலிண்டரைச் சுற்றியுள்ள சந்து பத்து மி.மீ. என்றே வைங்க, விலகல் 8 மைக்ரான். கடலில் பெருங்காயம்.

பீன்யா_போரிங்:
நாலு சிலிண்டரையும் சுற்றி ஊற்றினது ஒரே பாளம்தானே? இடையில் வேலியா போட்டீர்கள்? மில்லிமீட்டர் கேட்டேன், பதில் வரவில்லை.

சில்க்போர்டு_சிங்கம்:
நான் கேட்பது ஆயில் சூடு. சிலிண்டரின் கீழ்ப்பாதியிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த சூட்டை கிரவுட் போட்டதும் ஆயில்தான் சுமக்கணும். டிராக்கில் கால் மைல் ஓடி அணைத்துவிடுகிறவனுக்குக் கவலையில்லை. சாயந்திரம் ஆறரைக்கு பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் நிற்கிறவன் நிலைமை? தெர்மோஸ்டாட் வைத்த ஆயில் கூலர், அதற்குத் தனி ஃபேன் இரண்டும் இல்லாமல் ஊற்றவே கூடாது. காற்றோட்டத்தை நம்பி பம்பருக்குள் கூலரை மட்டும் மாட்டினால் டிராஃபிக்கில் அது சும்மா அலங்காரம்.

அல்சூர்_ஆயில்பேன்:
ஒரு சந்தேகம். அந்த 300 சக்கரத்தில் அளந்ததா, இன்ஜின் கிராங்கில் அளந்ததா?

மைசூர்ரோடு_மணி:
இவ்வளவு எதுக்கு? பிளாக் கார்டு (சிலிண்டர்களின் மேல்முனையைப் பிடிக்கும் ஓட்டை போட்ட தகடு) ஒன்று வாங்கி மேலே அடித்து இறக்கினால் முடிஞ்சது. ஜே.சி. ரோட்டில் கேட்டால் கடைசல்காரரைக் கைகாட்டுவாங்க.

பீன்யா_போரிங்:
அடித்து இறக்கினால் போர் எங்கெங்கே தொடுகிறதோ அங்கங்கே உள்ளே பிதுங்கும், அண்ணாச்சி. அதற்குப் பிறகு டார்க் பிளேட் போட்டு ஹோன் பண்ணாமல் பிஸ்டன் ஏற்றினால் ரிங் ஒரு மாதத்தில் ஆயில் குடிக்கும். கார்டில் ஓட்டை சிறிதென்றால், அதிகம் கொதிக்கும் மேல்பகுதிக்கே தண்ணீர் குறையும். அப்புறம் டெட்டனேஷன் (கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது). அப்புறம் "பிளாக் வீக்" என்று அழுகை.

300-க்கு வழி ஸ்லீவ். பழைய லைனரை மெஷினில் முழுதாகக் கடைந்து எடு. டக்டைல் அயர்ன் ஸ்லீவை பிளாக்கைச் சூடாக்கி இறக்கு. அதன் விளிம்பு டெக்குக்கு மேல் 0.03 முதல் 0.05 மி.மீ. வரை நிற்கட்டும், எம்எல்எஸ் (பல அடுக்கு எஃகு) கேஸ்கெட் அங்கேதான் கடிக்கும். ஸ்லீவ் சரியாக உட்காராமல் டெக் அரைத்தால் நாலு சூட்டில் கீழே இறங்கி, கேஸ்கெட் ஊதும். பிறகு டார்க் பிளேட், அதே கேஸ்கெட், அதே ஸ்டட், அதே டார்க் வைத்து ஹோனிங். 2618 அலுமினியக் கலவை ஃபோர்ஜ்ட் பிஸ்டனுக்கு 0.09 மி.மீ. இடைவெளி, டர்போவுக்கு மேல் ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே விடும் சந்து) 0.42 மி.மீ. பக்கம். ரிங் கேப்பைக் கம்பெனி அளவிலேயே விட்டால் முனை முட்டி ரிங் லேண்ட் (பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள விளிம்பு) பெயரும். பெயர்ந்தது பிஸ்டன், பழி பிளாக்கின் மேல்.

டர்போதம்பி:
இவ்வளவு பிரசங்கத்தில் கனெக்டிங் ராடு என்ற சொல்லே இல்லை. அந்த இன்ஜினில் பிளாக்குக்கு முன் வளைவது ஒரிஜினல் ராடு. அப்புறம், டார்க் பிளேட் பற்றி நீங்க எனக்குச் சொல்லித்தராதீங்க. போன மழைக்காலத்துத் திரியில் "பிளேட் எல்லாம் ஃபேஷன்" என்று எழுதியது யாராம்?

பீன்யா_போரிங்:
அது ஸ்டாக் ரீபில்டுக்குச் சொன்னது. முழுதாகப் படிக்கிற பழக்கம் இருந்தால் தெரியும்.

ஹெப்பால்_டைனோ:
எல்லோரும் 300, 300 என்கிறீர்கள். பெங்களூர் ஏறத்தாழ 920 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தமே 0.9 பார் சொச்சம். வேஸ்ட்கேட் (டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) வைத்து பூஸ்ட் பிடிக்கும் டர்போ காருக்கு, டர்போ இல்லாத நேச்சுரல் இன்ஜினின் கரெக்ஷன் ஃபேக்டரை (குறைந்த காற்றழுத்தத்துக்காக எண்ணைக் கூட்டும் கணக்கு) போட்டு டைனோ ஷீட் அடித்துத் தருகிறார்கள். டர்போ தன் வேகத்தைக் கூட்டிக் குறையை ஈடுகட்டிய பிறகு, கம்ப்யூட்டரும் ஒரு முறை கூட்டினால் எண் சும்மா வீங்கும்.

டர்போதம்பி:
சென்னையில் போய் அடித்துக் காட்டவா?

ஹெப்பால்_டைனோ:
நாற்பது டிகிரியில் இன்டர்கூலர் அவிந்து குறைவாகத்தான் காட்டும். போய்ட்டு வாங்க.

செந்தமிழ்_சிலிண்டர்:
"உருளைத் தொகுதி" என்று எழுதினால் குறைந்தா போவீர்கள்?

மைசூர்ரோடு_மணி:
கடைசல்காரர்கிட்ட உருளைத் தொகுதி என்றால் உருளைக்கிழங்கு மூட்டை எங்கே என்பார்.

சில்க்போர்டு_சிங்கம்:
ஆயில் சூட்டுக்கு யாரும் பதில் சொல்லலையே?

டர்போதம்பி:
கூலர் போடுங்க. சொன்னேன்ல.

சில்க்போர்டு_சிங்கம்:
நீங்க சொல்லலை. நான் சொன்னேன்.

அல்சூர்_ஆயில்பேன்:
சக்கரத்திலா கிராங்கிலா...

பீன்யா_போரிங்:
அதெல்லாம் அப்புறம். பம்ப் ஓட்டைக்குக் கீழே என்று சொன்னால் அந்தச் சிலிண்டரின் மேல் பாகம் முழுக்கத் தண்ணீரில் அம்மணமாக நிற்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிறது. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர்? மூன்றாவது முறை கேட்கிறேன்.

டர்போதம்பி:
பாதி. ஸ்கேல் உங்ககிட்டதானே இருக்கு, அளந்துக்கோங்க.